கனடாக் கசெற், பாரிஸ் கசெற், யாழ்ப்பாணத்து டெக்

கேள்வி சுருக்கமாக: வீட்டில் மூன்று வி.எச்.எஸ். கசெற்றுகள் இருக்கின்றன. ஒன்று 1993 இல் ரொறன்ரோவில் நடந்த கலியாணம், ஒன்று 1990களில் பாரிசில் நடந்த சாமத்தியவீடு, மற்றது 1985 இல் சுன்னாகத்தில் எடுத்த கலியாணம். யாழ்ப்பாணத்தில் ஒரு கடையில் போட்டுப் பார்த்தபோது கனடாக் கசெற் நிறமில்லாமல் மேல்நோக்கி உருண்டுகொண்டே இருந்தது. பாரிஸ் கசெற் ஆடாமல் ஓடியது, ஆனால் கறுப்பு வெள்ளை. சுன்னாகக் கசெற் நிறமாக வந்தது, படத்தின் மேல் ஓரம் மட்டும் கொடி போல் வளைந்தது. கடைக்காரர் "இரண்டு கசெற் பழுது, எல்லாத்தையும் பாலுக்கு (PAL) மாத்தவேணும்" என்கிறார். லண்டனிலும் ரொறன்ரோவிலும் உள்ள பிள்ளைகளுக்கு ஒரே டி.வி.டி.யாக அனுப்ப வேண்டும். என்ன செய்வது?

பதில்:

நீங்கள் சொல்லும் குறிகளைப் பார்த்தால் மூன்றிலும் பதிவு நன்றாகவே இருக்கிறது. ரிவிப் படத்தைப் பதியும் முறை நாட்டுக்கு நாடு வேறு: கனடாக் கசெற் என்.ரி.எஸ்.சி. (NTSC), பாரிஸ் கசெற் சீகாம் (SECAM), சுன்னாகக் கசெற் பால் (PAL). கடையில் இருப்பது பால் டெக், அதாவது பால் கசெற்றுக்கென்று செய்த வி.எச்.எஸ். ஓட்டும் கருவி. பழுது என்று அவர் நினைத்தது இந்தப் பொருத்தமின்மையைத்தான். கசெற் எந்த முறையில் பதிவானதோ அந்த முறையிலேயே ஓடவிட்டு, அந்த முறையிலேயே கணினிக்குள் எடுங்கள். கணினிக்கும் கைபேசிக்கும் இப்போதைய ரிவிக்கும் வினாடிக்கு 50 படமோ 60 படமோ எல்லாம் ஒன்றுதான். முறைமாற்றம் டி.வி.டி. அடிக்கும்போது மட்டும் தேவைப்படும். அப்போதும் மாற்ற வேண்டியவை பாரிஸ் கசெற்றும் சுன்னாகக் கசெற்றும்தான். கனடாக் கசெற்றைத் தொடவே வேண்டாம். காரணத்தைக் கீழே டி.வி.டி. பற்றிச் சொல்லும் இடத்தில் பாருங்கள்.

என்.ரி.எஸ்.சி. என்பது ஒரு படத்துக்கு 525 கோடு, வினாடிக்கு 29.97 படம். பாலும் சீகாமும் 625 கோடு, வினாடிக்கு 25 படம். ஒவ்வொரு படமும் இரண்டு பாதியாக, ஒற்றைக் கோடுகள் ஒரு பாதி, இரட்டைக் கோடுகள் மறு பாதி என்று பதிவாகும். அந்தப் பாதியைத்தான் ஃபீல்ட் என்பார்கள். ஆகவே உண்மையான அசைவு வினாடிக்கு 59.94 தடவை அல்லது 50 தடவை பதிவாகிறது. இது கடைசிவரை தேவைப்படும், மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பாலும் சீகாமும் கோட்டிலும் வேகத்திலும் ஒன்று, நிறத்தைப் பொதிந்து வைக்கும் விதத்தில்தான் வேறு. உங்கள் பாரிஸ் கசெற் பால் டெக்கில் ஆடாமல் ஓடி நிறத்தை மட்டும் தொலைத்தது அதனால்தான். இலங்கை முழுவதும் பால். ரூபவாகினி 1982 இல் தொடங்கியதே பாலில்தான், கொடைக்கானலில் இருந்து யாழ்ப்பாணத்துக்கு எட்டிய தூரதர்சனும் பால். அதனால் இங்கே விற்பனையான பழைய டெக்குகளில் பெரும்பாலானவை பாலை மட்டும் நம்பிச் செய்தவை.

கசெற்றில் இந்த வேறுபாடு நிறத்தோடு நிற்பதில்லை. என்.ரி.எஸ்.சி. டெக்கில் ரேப் வினாடிக்கு 33.35 மில்லிமீற்றர் நகரும், ஹெட் (படத்தை வாசிக்கும் முனை) பொருத்திய உருளை நிமிடத்துக்கு ஏறத்தாழ 1800 தடவை சுற்றும். பாலில் ரேப் 23.39 மில்லிமீற்றர், உருளை 1500 தடவை. பால் மட்டுமே தெரிந்த டெக்கில் கனடாக் கசெற்றைப் போட்டால் படம் பட்டை பட்டையாகக் கிழியும், குரல் இழுபட்டுத் தடித்துக் கேட்கும். உங்களுக்குப் படம் முழுதாகத் தெரிந்து உருண்டது என்றால், அந்த டெக் என்.ரி.எஸ்.சி.யை ஓட்டத் தெரிந்த டெக். ரிவிதான் வினாடிக்கு 60 என்ற வேகத்தைப் பிடிக்கத் தெரியாமல் நின்றிருக்கிறது.

கசெற்றின் முதுகில் உள்ள எழுத்தும் ஒரு துப்புத் தரும். ரி-120 என்றால் வட அமெரிக்காவில் அல்லது ஜப்பானில் விற்ற கசெற், ஈ-180 என்றால் பால், சீகாம் நாடுகளில் விற்றது. எண் நிமிடத்தைக் குறிக்கிறது, ஆனால் அந்தந்த முறையில் மட்டும். ரி-120 ஐப் பால் டெக்கில் போட்டால் ஏறக்குறைய 2 மணி 55 நிமிடம் ஓடும், ஈ-180 ஐ என்.ரி.எஸ்.சி. டெக்கில் போட்டால் 2 மணி 8 நிமிடம்தான். எழுத்தை மட்டும் நம்பி முடிவெடுக்க வேண்டாம். ஊருக்கு அனுப்புவதற்காக ரொறன்ரோவிலேயே பாலுக்கு மாற்றிக் கொப்பி எடுத்த கசெற்றுகள் ஏராளம். அவையும் ரி-120 இல்தான் இருக்கும்.

அப்படி மாற்றிய கொப்பியா என்று அறிய, கணினியில் எடுத்த பிறகு யாராவது வேகமாகக் கை வீசும் இடத்தில் ஒவ்வொரு படமாக நகர்த்திப் பாருங்கள். ஒரே கை இரண்டு இடத்தில் மங்கலாகத் தெரிந்தால் அது ஏற்கெனவே ஒருமுறை மாற்றப்பட்ட கொப்பி. அதைக் கழுவி எடுக்க வழியில்லை. கனடாவில் உள்ளவர்களிடம் கமெராவில் ஓடிய மூலக் கசெற் இருக்கிறதா என்று கேளுங்கள். பலர் வீட்டில் வி.எச்.எஸ்.-சி அல்லது வீடியோ 8 என்ற சிறிய கமெராக் கசெற்றாக அது இன்னும் கிடக்கும். மூலம் கிடைத்தால் இந்தக் கொப்பியோடு மினக்கெட வேண்டியதில்லை.

இப்போது கனடாக் கசெற். என்.ரி.எஸ்.சி.யை ஓட்டும் பால் டெக்குகளில் பெரும்பாலானவை உண்மையான என்.ரி.எஸ்.சி. சிக்னலை வெளியே தருவதில்லை. 525 கோடு, 59.94 வேகம் இரண்டையும் அப்படியே வைத்து, நிறத்தை மட்டும் பாலின் 4.43 மெகாஹேர்ட்சுக்கு ஏற்றி அனுப்பும். இதற்குப் பால்-60 என்று பெயர். ரிவிக்காகச் செய்த குறுக்குவழி இது, எந்த ஒளிபரப்பிலும் இல்லாத முறை. படத்தைக் கணினிக்குள் எடுப்பதற்காகச் செருகும் கப்ச்சர் கருவியைப் பால் என்று வைத்தால் படம் உருளும் அல்லது சிதறும். என்.ரி.எஸ்.சி. என்று வைத்தால் படம் நிற்கும், நிறம் வராது, ஏனெனில் கருவி நிறத்தை என்.ரி.எஸ்.சி.யின் 3.58 மெகாஹேர்ட்சில் தேடுகிறது. டெக்கின் மெனுவில் அல்லது பின்புறத்தில் என்.ரி.எஸ்.சி. 3.58 என்று ஒரு தெரிவு இருந்தால் அதை வையுங்கள். இல்லாவிட்டால் கருவியின் ட்ரைவர் பட்டியலில் பால்-60 இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் இல்லையென்றால் அந்த டெக்கோடு மல்லுக்கட்டுவதில் பயனில்லை.

நல்ல வழி, கனடாவில் இருந்து வருபவரிடம் சாதாரண என்.ரி.எஸ்.சி. டெக் ஒன்றைக் கொண்டுவரச் சொல்வது. பின்புறத் தகட்டைப் படித்துப் பார்த்த பிறகே பிளக்கில் செருக வேண்டும். 120 வோல்ற் என்று மட்டும் இருந்தால் எங்கள் 230 வோல்ற்றில் ஒரு நொடியில் கருகிவிடும். ஸ்ரெப்-டவுன் ட்ரான்ஸ்போமர் தேவை. டெக் இழுப்பது பெரும்பாலும் 15 முதல் 25 வாற், ஆகவே 100 வாற் ட்ரான்ஸ்போமர் தாராளம். கரண்ட் 60 ஹேர்ட்சுக்குப் பதிலாக 50 என்பதால் படத்தின் வேகம் மாறுமோ என்று பயப்பட வேண்டாம், மோட்டரின் வேகத்தை டெக்குக்குள் இருக்கும் கிறிஸ்ரல்தான் கட்டுப்படுத்துகிறது. எல்லா முறையும் ஓட்டும் டெக்குகளும் உண்டு: பானாசொனிக் ஏ.ஜி.-டபிள்யூ 1, ஏ.ஜி.-டபிள்யூ 3, சாம்சுங் எஸ்.வி.-5000 டபிள்யூ. இவற்றுக்குள்ளேயே முறைமாற்றியும் இருக்கிறது. அதைப் பயன்படுத்தாமல் அணைத்து வையுங்கள். அந்தக் காலத்துச் சிப் படங்களை விட்டும் திரும்பப் போட்டும் சமாளிக்கும், அசைவு திக்கித் திக்கி வரும். புதிதாக வி.எச்.எஸ். டெக் இனிக் கிடைக்காது, கடைசியாகச் செய்துகொண்டிருந்த ஃபுனாய் 2016 இல் நிறுத்திவிட்டது. பழைய டெக் வாங்கும்போது பெல்ற்றும் பிஞ்ச் ரோலரும் (ரேப்பை இழுக்கும் ரப்பர் உருளை) இறுகிப்போயிருக்கிறதா என்று திறந்து பாருங்கள்.

வீட்டில் தாங்களே ரிவியில் இருந்து பதிவுசெய்த கனடாக் கசெற்றுகள் வேறு இருந்தால் ஒரு எச்சரிக்கை. ரி-120 இல் ஆறு மணி நேரம் ஏற்றுவதற்காக மெதுவான ஈ.பி. வேகத்தில் பதிந்திருப்பார்கள். அதில் ஒரு தடத்தின் அகலம் 19 மைக்ரோன்தான், சாதாரண வேகத்தில் 58. ஹெட்டைத் தடத்தோடு பொருத்தும் ட்ராக்கிங் குமிழை மயிரிழையில் திருப்பவேண்டி வரும். முடிந்தால் பதிவு செய்த அதே டெக்கில் ஓட்டுவதே நல்லது.

பாரிஸ் கசெற்றுக்கு என் ஆலோசனை: இங்கே மினக்கெட வேண்டாம், அங்கேயே எடுப்பியுங்கள். பிரான்சில் விற்ற டெக் சீகாமை அப்படியே ஓட்டும். மத்திய கிழக்கில் இருந்து வந்த பல்முறை டெக்குகளிலும் சீகாம் என்று எழுதியிருக்கும், அதை நம்பி ஏமாற வேண்டாம். அது மீசீகாம், ரேப்பில் நிறத்தைப் பதியும் விதம் வேறு. பிரெஞ்சுக் கசெற் அதிலும் கறுப்பு வெள்ளையாகத்தான் வரும். பிரெஞ்சு டெக்கையே இங்கே கொண்டுவருவதென்றால் கரண்ட் பிரச்சினை இல்லை, அதுவும் 230 வோல்ற். ஆனால் அன்ரனா வழியாக எங்கள் ரிவிக்குக் கொடுத்தால் சரிவராது, அவர்களின் ஒளிபரப்பு முறை வேறு. பின்னால் உள்ள 21 முனை ஸ்கார்ட் என்ற இணைப்பு வழியாக எடுக்க வேண்டும். ஸ்கார்ட்டில் இருந்து மஞ்சள், வெள்ளை, சிவப்பு வயருக்கு மாற்றும் அடப்ரரில் உள்ளே, வெளியே என்று ஒரு சிறு சுவிட்ச் இருக்கும். அதை வெளியே என்ற பக்கம் தள்ளாமல் 'படமே வரவில்லை' என்று டெக்கைக் கழற்றுவது வழக்கமாக நடப்பது. சுவிட்ச் இல்லாத அடப்ரர் என்றால் 19 ஆம் முனை படம் வெளியே வருவது, 20 உள்ளே போவது, 1 உம் 3 உம் ஒலி வெளியே வருவது. கப்ச்சர் கருவியின் முறைப் பட்டியலில் சீகாம் எல் என்று தெரிவுசெய்யுங்கள். அதற்கு முன், அந்தக் கமெரா வீடியோ 8 ஆக இருந்ததா என்றும் கேளுங்கள். பிரான்சிலும் வீடியோ 8 கமெரா பாலில்தான் பதிந்தது, மூலக் கசெற் கிடைத்தால் சீகாம் தொல்லையே இல்லை.

சுன்னாகக் கசெற்றில் முறை சரி, அதன் ஆபத்து வேறு. எங்கள் மாரிக் காற்றும் உப்பும் பட்டு, 1995 இடப்பெயர்வில் உரப்பைக்குள்ளும் ட்ரங்குப் பெட்டிக்குள்ளும் போய் வந்த கசெற்றுகளில் பூஞ்சணம் சாதாரணம். கசெற்றின் கண்ணாடி வழியாக வெளிச்சத்தில் சரித்துப் பாருங்கள். ரேப் சுற்றின் மேல்முகம் ஒரே கறுப்பாக, மினுமினுப்பாக இருக்க வேண்டும். வெள்ளைப் பொடியோ சிலந்திவலை போன்ற திட்டுக்களோ தெரிந்தால் டெக்குக்குள் போடாதீர்கள். அது ஹெட்டை அடைக்கும், அடுத்து போடும் நல்ல கசெற்றுக்கும் பரவும். சிலிக்கா ஜெல் பொதிகளுடன் காற்றுப் புகாத பெட்டியில் ஒரு வாரம் காயவிடுங்கள், வெயிலில் வைக்க வேண்டாம். பிறகு மாஸ்க் போட்டுக்கொண்டு அடிப்பக்கத்து ஐந்து ஸ்குரூவையும் கழற்றி, சுற்றின் முகத்தை 99 சதவீத ஐசோபுரோபைல் அல்ககோல் தொட்ட நூல் உதிராத துணியால் துடைத்து, இரண்டு ரீலையும் சுத்தமான வேறொரு கசெற் கூட்டுக்குள் மாற்றுங்கள். ரேப் அறுந்திருந்தால் அதற்கென்று உள்ள ஸ்பிளைசிங் ரேப்பால் ஹெட் படாத பக்கத்தில் மட்டும் ஒட்ட வேண்டும். செலோரேப் ஒட்டினால் பசை கசிந்து ஹெட்டில் பிடிக்கும்.

சுத்தமான பின் ஒருமுறை முழுவதும் முன்னே ஓட்டி, முழுவதும் பின்னே சுற்றுங்கள். ஆண்டுக்கணக்கில் அசையாமல் இருந்த ரேப்பின் இறுக்கம் சமப்படும். டெக் ஹெட்டைத் துடைக்கும்போது அல்ககோல் தொட்ட மான்தோலை உருளையில் அசையாமல் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் உருளையைச் சுற்ற வேண்டும். மேலும் கீழுமாகத் தேய்த்தால் ஹெட்டின் நுனி உடையும். பஞ்சுக்குச்சி வேண்டாம், நூல் மாட்டும்.

மேல் ஓரம் வளைவதற்குக் காரணம் கோடுகள் தொடங்கும் நேரம் சீராக இல்லாதது. பழைய குமிழ் ரிவி அதைப் பொறுத்துக்கொள்ளும், கப்ச்சர் கருவி பொறுக்காது, படங்களை விடத் தொடங்கும். அந்த நேரத்தைச் சீராக்கும் ரைம் பேஸ் கரெக்டர் உள்ள எஸ்-வி.எச்.எஸ். (உயர்தர வி.எச்.எஸ்.) டெக் கிடைத்தால் நல்லது. மலிவான வழி, பானாசொனிக் டி.எம்.ஆர்.-ஈ.எஸ் 10 அல்லது ஈ.எஸ் 15 என்ற டி.வி.டி. ரெக்கோடரை டெக்குக்கும் கருவிக்கும் நடுவே வைப்பது. பதிவு செய்யத் தேவையில்லை, சிக்னல் அதனூடே போய் வந்தாலே கோடு நிமிரும். கனடாக் கசெற் ஓட்டும்போது அதன் மெனுவிலும் ரிவி முறையை என்.ரி.எஸ்.சி. ஆக்க மறக்க வேண்டாம்.

கப்ச்சர் அமைப்பு இப்படி இருக்க வேண்டும். கனடாக் கசெற்றுக்கு 720×480, வினாடிக்கு 29.97. மற்ற இரண்டுக்கும் 720×576, வினாடிக்கு 25. நிற அமைப்பு வை.யூ.வை.2 (YUY2). மென்பொருளாக வேர்ச்சுவல்டப் போதும், சேமிப்பதற்குத் தரம் இழக்காமல் சுருக்கும் ஹஃப்-வை.யூ.வி. அல்லது எஃப்.எஃப்.வி.1. ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 30 ஜி.பி. பிடிக்கும், ஒன்றையும் சுருக்காமல் எடுத்தால் 75 ஜி.பி. 29.97 க்குப் பதில் 30 என்று வைத்துவிட்டால் ஒரு மணி நேரத்தில் படமும் ஒலியும் 3.6 வினாடி விலகும். ஐயரின் வாயசைவும் மந்திரமும் பொருந்தாது. விட்டுப்போன படங்களின் எண்ணிக்கையைத் திரையிலேயே காட்டும், அது கூடிக்கொண்டே போனால் நிறுத்திக் காரணம் தேடுங்கள். யு.எஸ்.பி. ஹப் இல்லாமல் நேரடியாகச் செருகுங்கள். டெக்கையும் கணினியையும் யு.பி.எஸ்.இல் மாட்டாமல் தொடங்க வேண்டாம். நடுவில் கரண்ட் போனால் ரேப் உருளையைச் சுற்றியபடியே நின்றுவிடும், திரும்ப வரும்போது கசங்கலாம். கோப்பும் முடிவுறாமல் கெடும்.

படத்தின் அடியில் சில கோடுகள் சிதறித் தெரியும். ஹெட் மாறும் இடம் அது, பழுதல்ல. வெட்டி இழுத்துப் பெருப்பிக்காமல் கறுப்பால் மூடிவிடுங்கள்.

இனிப் பார்ப்பதற்கான கோப்பு. ஒவ்வொரு ஃபீல்டையும் ஒரு முழுப் படமாக விரித்தெடுங்கள். கனடாக் கசெற் வினாடிக்கு 59.94, மற்றவை 50. அவிசிந்த் என்ற மென்பொருளில் கியூ.ரி.ஜி.எம்.சி. என்ற வடிகட்டி இதற்குத் தரமானது, மெதுவானது. ஹான்ட்பிரேக் மென்பொருளில் டீ-இன்ரர்லேஸ் பகுதியில் பொப் என்ற தெரிவை எடுத்து வேகத்தை 59.94 அல்லது 50 என்று நீங்களே குறிப்பிடுங்கள். 29.97 இலும் 25 இலும் எடுத்தால் பாதி அசைவு போய்விடும், கடைகளில் கொடுத்து எடுப்பவை கரடுமுரடாகத் தெரிவது பெரும்பாலும் இதனால்தான். ஆட்கள் இரண்டடி முன்னே ஓரடி பின்னே என்று துடித்தால் ஃபீல்ட் வரிசை தலைகீழ், மாற்றிவிடுங்கள். அளவு 640×480, 768×576 என்று வைத்தால் முகங்கள் நீளாமல் கொழுக்காமல் இருக்கும். இந்த மூன்று கோப்பையும் யு.எஸ்.பி.யில் போட்டு அனுப்பினால் லண்டனிலும் ரொறன்ரோவிலும் ஓடும். உண்மையில் வேலை இதோடு முடிந்தது.

டி.வி.டி.தான் வேண்டும் என்றால்: ஒரே வட்டில் பாலையும் என்.ரி.எஸ்.சி.யையும் கலக்க முடியாது. லண்டனில் உள்ள பிளேயர்கள் பெரும்பாலும் இரண்டையும் ஓட்டும், கனடாவில் உள்ளவை பல பாலை ஓட்டாது. ஆகவே இருவருக்கும் ஒரே வட்டு என்றால் அது என்.ரி.எஸ்.சி. ஆகத்தான் இருக்க வேண்டும். கனடாக் கசெற் அப்படியே போகும். மற்ற இரண்டையும் 50 படமாக விரித்து, 480 கோட்டுக்குக் குறைத்து, 59.94 க்கு ஏற்றி, திரும்ப ஃபீல்டாகப் பின்னி 29.97 ஆக்க வேண்டும். முதலில் 25 ஆக்கிவிட்டு அதில் இருந்து 29.97 க்குப் போனால் ஐந்து படத்துக்கு ஒன்று இரட்டிக்கும், நடப்பவர்கள் விக்கி விக்கி நடப்பார்கள்.

50 இல் இருந்து 59.94 க்கு ஏற்ற இரண்டு வழி. ஒன்று அடுத்தடுத்த படங்களைக் கலந்து மங்கலாக்குவது. மற்றது அசைவைக் கணித்து இடையில் புதுப் படம் வரைவது, அவிசிந்த்தில் எம்.வி.ரூல்ஸ் என்ற செருகி செய்வது அது. இரண்டாவது தெளிவானது, ஆனால் கலியாண வீட்டில் அது தடுக்கி விழும் இடங்கள் உண்டு. தவில்காரரின் விரல்கள் குழைந்து ஒட்டிக்கொள்ளும். தாலி கட்டும்போது கமெரா ஃபிளாஷ் ஒரு ஃபீல்டுக்குள் மின்னி மறைவதால் கணிப்பு குழம்பி முகமே நெளியும். அறுகரிசி போடும் இடத்தில் பறக்கும் மணிகள் பாதி வழியில் காணாமல் போகும். அந்த இடங்களுக்குக் கலக்கும் வழி, மற்றவற்றுக்குக் கணிக்கும் வழி என்று துண்டாகச் செய்யலாம்.

4.7 ஜி.பி. வட்டில் இரண்டு மணி நேரம் ஏற்றினால் வினாடிக்கு 5 மெகாபிட் அளவுதான் கிடைக்கும், பழைய கசெற்றின் புள்ளி இரைச்சலுக்கு அது போதாமல் படம் கட்டம் கட்டமாக உடையும். 352×480 என்ற பாதி அகலமும் டி.வி.டி.யில் அனுமதிக்கப்பட்டது. வி.எச்.எஸ்.இல் கிடைமட்டமாக இருப்பதே 240 கோடு அளவு நுணுக்கம்தான் என்பதால் இழப்புத் தெரியாது. முழுவதையும் மாற்றத் தொடங்குமுன், மணமக்கள் பெயர் கீழிருந்து மேலே உருளும் எழுத்துப் பகுதியில் ஒரு நிமிடத்தையும் தாலி கட்டும் ஒரு நிமிடத்தையும் மட்டும் மாற்றி ரிவியில் போட்டுப் பாருங்கள். எழுத்து திக்காமல் ஏறினால் வேகக் கணக்கும் ஃபீல்ட் வரிசையும் சரி, மிச்சத்தை இரவோடு ஓடவிடலாம்.